சைக்கிளில் ஓடிய ஐந்தாம் வகுப்பு

என் கணவர் அதற்கு வைத்த பெயர் ஊர் சுற்றல். நான் வைத்த பெயர் வெளிக்களப் படிப்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பெயரும் வைக்கவில்லை. நான் சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்தால் போதும், செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். அது உண்மையில் என்ன என்று எனக்கே இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. படிப்பித்தேனா, பயத்தில் ஓடித் திரிந்தேனா, வீட்டுக்குள் அடைந்து கிடக்க ஏலாமல் பிள்ளைகளைச் சாட்டி வெளிக்கிட்டேனா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தில், இணுவிலில் இருந்தோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. கணவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர். அரிசியும் மாவும் சீனியும் வந்தால் கூப்பனுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சனத்துக்கு விளக்கம் சொல்லுவார். விளக்கம் சொன்ன நாட்கள்தான் கூட. மனிசன் அதனாலோ என்னவோ வீட்டில் விளக்கம் கேட்கிற ஆளாக மாறியிருந்தார்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு நாள் குண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஓடுகள் கொட்டுண்டனவே தவிர ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் தலைமுடியும் முடியாமல் ஓடிப் போனபோது மகளின் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். தம்பியின் வகுப்புக்கு ஓடிப்போய் அவனை மேசைக்குக் கீழே இழுத்து வைத்திருந்தாள். அடுத்த நாள் நான் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கணவர் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார். நானே வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லும்போது வீறாப்பாகத்தான் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் அவர் எடுக்கிற முடிவுகள்தான் எனக்குப் பயம்.

"சரி, இந்த வருசம் நீர் படிப்பியும். மார்கழியிலை பெரிய ரீச்சரிட்டைக் கூட்டிக்கொண்டு போவம். அவ இவளைச் சோதிச்சுப் பாத்து ஆறாம் வகுப்புக்கு எடுத்தால் இஞ்சை எங்களோடை இருக்கட்டும். எடுக்காட்டி அக்காட்டைப் போகட்டும்" என்றார்.

பெரிய ரீச்சர் என்றது பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. அக்கா என்றது கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த அவருடைய தமக்கை. பிள்ளை குட்டி இல்லாதவர். கிளாலிக் கடலால் படகில் கொழும்புக்குப் போய் வருகிற ஆட்களிடமெல்லாம், ஒரு பிள்ளையையாவது என்னிடம் அனுப்புங்கோ, இங்கே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி விட்டுக்கொண்டே இருந்தார். நல்ல மனிசிதான். அவர் நல்ல மனிசி என்பதுதான் எனக்கு இடைஞ்சல். கெட்டவர் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆக, மகள் என்னோடு இருப்பதும் போவதும் நான் படிப்பிக்கிறதில் தொங்கியது. நானோ ரீச்சர் இல்லை. ஏ.எல். வரைக்கும் படித்துவிட்டு, கலியாணம் முடியும்வரை தையல் வகுப்பு எடுத்தவள். கணக்குப் பரவாயில்லை, தமிழும் ஓடும். சுற்றாடல் பாடத்தில்தான் எனக்குத் தலை சுற்றியது. புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஊரில் இல்லை. ஊரில் இருந்தது ஒன்றும் புத்தகத்தில் இல்லை. மின்சாரத்தால் வரும் பயன்கள் என்று ஒரு பாடம். எங்கள் வீட்டு மின்குமிழ்களைச் சுற்றிக் குளவி கூடு கட்டியிருந்தது. நாங்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கொளுத்திப் படித்தோம். காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி செய்யப்படுகிறது என்று இன்னொரு பாடம். அதை வாசித்துவிட்டு மகள் கேட்டாள்.

"எங்கடை பக்கத்திலைதான் சீமெந்து செய்யினமெண்டால் ஏன் அம்மா சீமெந்து கண்ணிலையும் காட்டேலாது?"

காங்கேசன்துறைப் பக்கம் ஆமி இருக்கிறது, சனமே இல்லை, தொழிற்சாலை நின்று கனகாலம், சீமெந்து கொண்டு வருவதற்கும் தடை என்று சொன்னேன். "அப்ப சோதினையிலை எதை எழுதுறது?" என்றாள். புத்தகத்தில் இருக்கிறதை எழுது என்றேன். "அது பொய்யெல்லோ?" என்றாள். அன்றைக்குத்தான், இருக்கிறதையாவது கண்ணால் பார்த்துப் படிக்கட்டும் என்று சைக்கிளை எடுத்தேன்.

முதலில் போனது கிட்டடியில், எங்கள் ஊர் ஸ்டேசனுக்கு. மகனுக்கு ரயில் எழுத்தில் மட்டும்தான் தெரியும். அவனுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ரயில் நின்றுபோயிற்று. சைக்கிளை நிற்பாட்டியதும், வழக்கம்போல, குண்டு போடுகிற பொம்பர் வந்தால் எங்கே படுக்கிறது என்று ஒரு தரம் காட்டிவிட்டு, பாடத்தைத் தொடங்கினேன். பிளாட்போம் இருந்தது, டிக்கற் கொடுக்கிற சின்ன ஜன்னல் இருந்தது, எருக்கலைப் பற்றைக்குள் இரண்டு ஆடு நின்றது. தண்டவாளம் இல்லை. சிலிப்பர் கட்டைகளும் இல்லை. எல்லாவற்றையும் சனம் குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வளவில் இருந்த பங்கரின் கூரையும் அந்தக் கட்டைகள்தான். இங்கேதான் சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, அதற்கு மேலே தண்டவாளம் போட்டு, அதற்கு மேலே ரயில் ஓடினது என்று மகனுக்குச் சொன்னேன்.

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றான். அவனுக்குச் சிலிப்பர் கட்டை என்றால் பங்கர்க் கூரை. வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப றெயின் பங்கருக்கு மேலாலையோ ஓடினது? உள்ளுக்கை இருக்கிற ஆக்களுக்குக் காது அடைக்காதோ?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். மகள் சிரிக்கவில்லை. தமக்கை என்ற பொறுப்போடு அவனுக்கு விளக்கினாள். "இல்லையடா, றெயின் வாற நேரம் பங்கருக்கை இருக்கக் கூடாது. போன பிறகுதான் இறங்கவேணும்."

தடியை எடுத்து மண்ணில் கீறிக் காட்டினேன். இது கட்டை, இது தண்டவாளம், இது சில்லு. கட்டைகள் முதலில் இங்கே இருந்தன, பிறகுதான் பங்கருக்குப் போயின என்றேன். மகன் குந்தியிருந்து பார்த்தான். விளங்கிவிட்டது என்று தலையை ஆட்டினான். பிறகு கேட்டான்: "அப்ப எங்கடை பங்கரைக் கழட்டிக் கொண்டந்து போட்டால் றெயின் வருமோ?"

வராது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். வரும் என்றால் வீட்டுக்குப் போய்ப் பங்கரைக் கழற்றத் தொடங்குவான். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லைப் போலவும் இருந்தது. "எல்லாரும் கழட்டினால் வரும்" என்று சொல்லிவைத்தேன். போக்குவரத்துப் பாடம் அதோடு முடிந்தது.

இரவு சாப்பாட்டின்போது கணவர் கேட்டார். "பள்ளிக்கூடம் அனுப்பப் பயம். ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பயமில்லையோ?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. என் கண்ணுக்கு முன்னால் இருந்தால் நான் மேலே விழுந்தாவது மூடுவேன், பள்ளிக்கூடத்தில் யார் மூடுவது என்று கேட்டேன். "நீர் மூடினால் குண்டு நிண்டு யோசிக்குமோ?" என்றார். நான் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினேன். என் கணக்கு பிழை என்று எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சரியான கணக்கு யாரிடம் இருந்தது?

நிலாவரைக்கு ஒரு முறை போனோம். முன்னுக்குக் கைப்பிடியில் மகன், பின் கரியரில் மகள், நடுவில் இளைக்க இளைக்க நான். அடி காணாத கிணறு என்று அங்கே ஒரு கிணறு. ராமர் அம்பு விட்டுத் தண்ணீர் எடுத்த கதையையும் சொன்னேன், சுண்ணக்கல்லைத் தண்ணீர் அரித்துப் பள்ளமாக்குகிற கதையையும் சொன்னேன். இரண்டில் எது உண்மை என்று கேட்டால் எதைச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மகன் தலையை நிமிர்த்தி, "சத்தம்" என்றான். எனக்குக் கேட்கவே இல்லை. "ஹெலி இல்லை, பொம்பர்தான். ஆனால் தூரம்" என்றாள் மகள். ஒரு பழைய மதில் ஓரமாகப் போய்ப் படுத்தோம். முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து, வயிறு நிலத்தில் முட்டாமல். இந்த ஒரு பாடத்தை அவர்கள் இரண்டு பேரும் ஒருக்காலும் மறந்ததில்லை. பொம்பர் வேறு எங்கேயோ போயிற்று. எழும்பி மண்ணைத் தட்டும்போது மகள், "அடி இல்லாத கிணத்துக்கை குண்டு விழுந்தால் எதிலை முட்டி வெடிக்கும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அந்த வருடம் நான் கூடுதலாகச் சொன்ன பதில் அதுதான்.

கடல் காட்டுவதற்குக் குருநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீரிமலைப் பக்கம் ஆமி, போக முடியாது; இது ஒன்றுதான் மிச்சம். அங்கே கணவருக்குச் சங்கத்தால் பழக்கமான ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. கடல் தொழில். நேவிக்குப் பயந்து ஒருவரும் தொழிலுக்கு இறங்காமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. அந்த வீட்டு அக்கா எங்களைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், கரையோரமாகப் பிடித்த மீனைப் பொரித்து வைத்துவிட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாட்களும் எனக்குக் குழம்பிப் போயிருந்தன. எங்கள் வீட்டில் வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கோப்பையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஐயோ தங்கச்சி, நீங்கள் இண்டைக்கு விரதமெல்லோ" என்று அக்கா சிரித்தார். "எங்களுக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லைத்தான். மீன் தின்னலாம்."

"அப்ப இஞ்சை மீன் மரக்கறியோ?" என்று மகன் என் காதுக்குள் கேட்டான். வாசனை அவனுக்கு வாயூறப் பண்ணியிருக்கவேண்டும். வேதக்கார வீட்டில் வேதக்காரச் சட்டம் என்று நானே ஒரு சட்டம் போட்டு, சாப்பிடச் சொல்லிவிட்டேன். இது எந்தப் பாடத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை. சாப்பிட்ட பிறகு கரைக்குப் போய் நின்றோம். கடலைப் பார்த்ததும் என் மனம் லேசாகிப் போயிற்று. எவ்வளவு காலத்துக்குப் பிறகு! கடலில் இருந்து மேகம், மேகத்தில் இருந்து மழை என்று கையை வீசி வீசிச் சொன்னேன். மகன் சிப்பி பொறுக்கினான். மகள் என் பக்கத்தில் அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் தேறிவிடுவாள், என்னோடுதான் இருப்பாள் என்று அன்றைக்கு முதல் தரமாக நம்பினேன்.

நம்பிக்கை வந்த கையோடு சந்தேகமும் வந்தது. தேறினால் இங்கே. இங்கே என்றால் இந்தப் பள்ளிக்கூடம், இந்த ஒழுங்கை, இந்த வானம். தேறாவிட்டால் கொழும்பு. அங்கே மின்சாரம் இருக்கிறது, ரயில் ஓடுகிறது, இரவில் நித்திரை கொள்ளலாம். அங்கேயும் தமிழ்ச் சனத்தை மறித்து விசாரிக்கிறார்கள்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளையை என்ன செய்யப் போகிறார்கள்? கோயிலுக்குப் போய்க் கந்தசாமியாருக்கு முன்னால் கைகூப்பி நின்றால் என்ன கேட்பது என்று தெரியாது. பிள்ளை தேற வேண்டும் என்று தொடங்குவேன்; பாதியில் நிற்கும். நல்லதைச் செய் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் திருநீற்றைப் பூசிக்கொண்டு வருவேன்.

மார்கழியில் நானும் மகளும் பெரிய ரீச்சரின் கந்தோர் அறையில் போய் இருந்தோம். கணவர் வெளியே விறாந்தையில் நின்றார். ஓடு போன இடத்தில் கிடுகு போட்டிருந்தார்கள். பெரிய ரீச்சர் கண்டிப்பான ஆள். குண்டு விழுந்த அடுத்த நாளும் காலை மணியை நேரத்துக்கு அடிப்பித்தவர். பிள்ளைகளை நான் மறித்து வைத்ததில் அவருக்கு என்னில் நல்ல கோபம். என்னைப் பார்க்காமலேயே சோதிக்கத் தொடங்கினார். கணக்கை மகள் மளமளவென்று செய்தாள். வாசிப்பு பிசகில்லாமல் போனது. பெரிய ரீச்சரின் முகம் கொஞ்சம் இளகியது.

"இந்த வருசம் முழுக்க அம்மா உங்களை இடம் இடமாகக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவ எண்டு கேள்விப்பட்டன். ஒரு இடத்தைப் பற்றிச் சொல்லும் பிள்ளை, பாப்பம்."

மகள் எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பெருமை வந்தது.

"நிலாவரைக்குப் போனனாங்கள் ரீச்சர். இறங்கினவுடனை இடக்கைப் பக்கம் ஒரு மதில் இருக்கு. கல்லு மதில். ஆனால் உயரம் காணாது. தம்பி வடிவாய்ப் படுக்கலாம். அம்மா படுத்தால் முதுகு வெளியிலை தெரியும்."

பெரிய ரீச்சர் பேனையை வைத்தார். "கிணறு?"

"கிணத்தடி வெட்டை ரீச்சர். அதிலை நிக்கக் கூடாது."

"வேறை எங்கை போனியள்?"

"ஸ்டேசனுக்கு. அது நல்ல இடம். பிளாட்போம் சீமெந்து, கரையோடை ஒட்டிப் படுத்தால் ஒரு பக்கம் மறைப்பு. பிறகு குருநகருக்குப் போனனாங்கள். அங்கை மணல், பங்கர் வெட்டினால் சரியும். மண் மூட்டை அடுக்கி வைச்சிருக்கினம்."

"கடல் பாத்தனீரோ?"

"ஓம் ரீச்சர்."

"கடல் எப்பிடி இருந்தது?"

மகள் யோசித்தாள். பதில் தெரியாமல் இல்லை. சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக யோசித்தாள். எனக்கு அவளுடைய அந்த முகம் தெரியும்.

"அந்தப் பக்கம் ஒண்டுமில்லை ரீச்சர். ஒளிக்கிறதுக்கு ஒரு இடமும் இல்லை."

நான் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு பெரிய ரீச்சர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்தப் பள்ளிக்கூடத்திலை?" என்று கேட்டார்.

"கந்தோருக்குப் பின்னாலை தண்ணித் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையிலை ரீச்சர். சின்ன வகுப்புப் பிள்ளையளை அங்கை விடலாம். பெரிய ஆக்கள் மழைத்தண்ணி ஓடுற கான் பக்கம் ஓடவேணும்."

பெரிய ரீச்சர் முதல் தரமாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். "ஆறாம் வகுப்பு. தை பிறக்கக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். வாசலுக்கு வந்த பிறகு பின்னால் இருந்து, "நல்லாய்ப் படிப்பிச்சிருக்கிறியள்" என்றும் சொன்னார். மெச்சினாரா, குத்திக் காட்டினாரா என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பி வரும்போது மகள் தகப்பனின் சைக்கிளில் இருந்து காலை ஆட்டி ஆட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். வெளியே நின்ற அவருக்கு, எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் தெரியும். நான் பின்னால் தனியே வந்தேன். நினைத்தது நடந்துவிட்டது, சந்தோசம்தான் வரவில்லை. நான் கிணற்றைக் காட்டினேன். பிள்ளை மதிலை அளந்திருக்கிறது. நான் மழை எப்படி வருகிறது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அசையாமல் நின்ற பிள்ளை, இங்கே எங்களை எங்கே மறைப்பது என்று தேடிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒரு வருடம் முழுக்க நான் காட்டிய ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ரோட்டில் அழுதால் ஆட்கள் மறித்துச் செத்த வீடு எங்கே என்று கேட்பார்கள். அடக்கிக்கொண்டு சைக்கிளை உழக்கினேன்.

கணவர் சொன்ன சொல் தவறாத ஆள். வீட்டுக்கு வந்ததும், "சரி, நீர் வெண்டிட்டீர். பிள்ளை இஞ்சையே இருக்கட்டும்" என்றார். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சீனியை எடுத்துத் தந்து தேத்தண்ணி போடச் சொன்னார். நான் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

"இஞ்சருங்கோ. அக்காவுக்குச் சொல்லி விடுங்கோ. பிள்ளையை அனுப்புவம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உமக்கென்ன பிடிச்சது? எடுக்காட்டித்தானே அனுப்புற கதை?"

"ஓம்."

"இப்ப எடுத்திட்டினமே."

"ஓம்."

விளக்கம் கேட்கிற மனிசனுக்கு என்ன விளக்கம் சொல்வது? "கடலைப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு சொல்லுறாள்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, அன்றைக்குத் திருப்பிக் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

தை பிறந்து, பொங்கல் முடிந்த கிழமை, கிளாலிக்குப் போகவேண்டிய நாள். கணவர் கூட்டிக்கொண்டு போய் அக்காவிடம் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. மகன் சின்னன், அவன் என்னோடு. மகள் அழுது அடம்பிடிப்பாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. நாட்கணக்காக எதையோ மனதுக்குள் கணக்குச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் நான் அவளை முன்னால் இருத்தித் தலை பின்னிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் கணவர் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, நான் பாஸ் தானே?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"பெயில் விட்டால்தான் போகவேணும் எண்டு அப்பா சொன்னவர்."

"ஓம்."

அவள் திரும்பவில்லை. குரலில் கோபமும் இல்லை. விடையைத் தெரிந்துகொண்டால் அடுத்த தரம் சரியாகச் செய்துவிடலாம் என்கிற மாதிரிக் கேட்டாள்.

"அப்ப நான் எதைப் பிழையாய்ச் சொன்னனான்?"

ஒன்றும் பிழையில்லை, எல்லாம் சரி என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.